எத்தனை பேருக்குச் சர்க்கரை?

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? 2023 ஜூனில் கிடைத்த விடை 10.1 கோடி. 2024 நவம்பரில் கிடைத்த விடை 21.2 கோடி. முதலாவது லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் வந்தது. இரண்டாவது லான்செட் இதழிலேயே வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருப்பவர்கள் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள். இடைப்பட்ட பதினேழு மாதங்களில் 11 கோடிப் பேருக்குப் புதிதாக நோய் வந்துவிடவில்லை. பிறகு எப்படி ஒரே நாட்டின் நோய்க்கணக்கு இரண்டு மடங்காக மாறியது?

இந்தக் கேள்வியைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகம் என்று சொல்லப்படும் மாநிலங்களில் கேரளாவும் ஒன்று. 2023 ஆய்வின்படி அங்கே வயதுவந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு, இந்த நோய் இருக்கிறது. கொச்சி நகருக்கென்றே தனி ஆய்வு ஒன்றும் உண்டு. அதோடு, எந்த மாதிரிக் கணக்கெடுப்பையும் திணறடிக்கக்கூடிய ஊர் மட்டாஞ்சேரி. கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதர்கள், குஜராத்திகள், ஜைனர்கள், கச்சி மேமன்கள், மலையாள முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் நடந்துபோகும் தூரத்துக்குள் வாழ்கிறார்கள். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்த தமிழர்கள் இன்றும் தோபிகானாவில் வேலை செய்கிறார்கள். இத்தனை விதமான சமையல், இத்தனை விதமான உழைப்பு, இத்தனை விதமான பரம்பரை. இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ‘25.5’ என்று ஒரே எண்ணைச் சொன்னால் அதற்கு என்ன பொருள்?

மூட்டையில் குத்தும் ஊசி

மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டுக் கிடங்குகளில் மிளகு வாங்க வருகிறவர் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியைச் சாக்கில் செருகி, அதன் பள்ளத்தில் வந்து விழும் மணிகளை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து விலை பேசுவார். தொழில் தெரிந்தவர் ஒரே மூட்டையில் பத்து முறை குத்தமாட்டார், பத்து மூட்டைகளில் ஒவ்வொரு முறை குத்துவார். ஒரே கொடியில் காய்த்த மிளகு ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கைக்கு எட்டும் மேல்வரிசை மூட்டையை மட்டும் பார்த்து ஏமாறவும் மாட்டார்.

ஒரு நாட்டின் சர்க்கரை நோயைக் கணக்கிடும் முறையும் இதுதான். 140 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்ய யாராலும் முடியாது. ஆகவே மாதிரி எடுக்கிறார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு, இந்த வகையில் இந்தியாவில் நடந்த மிகப் பெரிய வேலை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அதை ஒருங்கிணைத்தது. டாக்டர் ஆர்.எம். அஞ்சனாவும் டாக்டர் வி. மோகனும் முன்னின்று நடத்தினார்கள். 2008 அக்டோபரில் தொடங்கி 2020 டிசம்பர் வரை, 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 1,13,043 பேரைச் சோதித்தார்கள்.

ஒரு மாநிலத்துக்குச் சுமார் 4,000 பேர் என்பது திட்டம். நகரத்தில் 1,200, கிராமத்தில் 2,800. நகரத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு சிறு தொகுதிகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 24 வீடுகள். எந்த வீட்டில் தொடங்குவது என்பதும் குலுக்கல்தான். வீட்டுக்குள் போனபின் ‘யார் வருகிறீர்கள்?’ என்று கேட்பதில்லை. 20 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பட்டியலிட்டு, கிஷ் என்ற புள்ளியியலாளரின் பெயரால் வழங்கும் முறைப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பட்டியல் பாட்டியைக் காட்டினால் பாட்டிதான், சுமை தூக்கப் போயிருக்கும் மகனைக் காட்டினால் அவர்தான்.

இந்தக் கடைசி விதியைத்தான் நான் இந்த ஆய்வின் உயிர் என்று சொல்வேன். பகல் நேரத்தில் மட்டாஞ்சேரியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தான் இருப்பார்கள். ஆண்கள் கிடங்கிலோ, கடையிலோ, படகிலோ இருப்பார்கள். ‘ஆள் இல்லையா? சரி சேச்சி, நீங்களே கையை நீட்டுங்கள்’ என்று களப்பணியாளர் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டால், மாதிரி முழுக்க வயதானவர்களாலும் வீட்டிலிருக்கும் பெண்களாலும் நிரம்பிவிடும். வயது கூடக்கூட நோயும் கூடும். ஆகவே முடிவு உண்மையைவிட மேலே போய்விடும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர், ‘எனக்குத் தெரிந்ததுதானே, எதற்கு மறுபடியும்?’ என்று ஒதுங்கிவிட்டால் கணக்கு கீழே இறங்கும். இந்தியாப் ஆய்வில் அணுகப்பட்ட 1,19,022 பேரில் 95 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். இது அபூர்வமான விகிதம். அதைச் சாதித்தவர்கள் அதிகாலையில் சந்து சந்தாக ஏறி இறங்கிய களப்பணியாளர்கள்.

அதிகாலை என்று சொல்லக் காரணம், சோதனைக்கு வெறும் வயிறு வேண்டும். முதலில் விரல் நுனியில் ஒரு துளி ரத்தம். பிறகு 82.5 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர். நீர்ச்சத்து நீக்கினால் அது 75 கிராமுக்குச் சமம். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு துளி. இரண்டு மணி நேரம் ஒருவரை உட்காரவைப்பது, அதுவும் கூலி வேலைக்குப் போகவேண்டிய ஒருவரை உட்காரவைப்பது, எவ்வளவு கடினம் என்று எண்ணிப்பாருங்கள். நோன்பு மாதத்தில் மட்டாஞ்சேரியின் பாதித் தெருக்களில் பகலில் அந்தக் குளுக்கோஸ் நீரை நீட்டவே முடியாது.

24 வீடுகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே சந்தில் இருக்கும் 24 வீடுகள் பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவை. உணவு ஒன்று, தொழில் ஒன்று, பல நேரங்களில் உறவும் ஒன்று. மட்டாஞ்சேரியின் குஜராத்தி ரோட்டில் எடுத்த 24 பேரும், செர்லாயியில் எடுத்த 24 பேரும், தத்தம் சந்துக்குள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அவர்கள் தரும் தகவல் 24 தனித்தனி மனிதர்கள் தருவதைவிடக் குறைவானது. இதற்காகத்தான் புள்ளியியலாளர்கள் மாதிரியின் அளவைக் கூட்டுகிறார்கள். அப்படியும் ஒரு மாநிலத்தில் 4,000 பேரைச் சோதித்து 25 சதவீதம் என்று கண்டால், அந்த எண் இரு பக்கமும் சுமார் ஒன்றரை முதல் இரண்டு புள்ளிகள் அசையும். கோவா 26.4, புதுச்சேரி 26.3, கேரளா 25.5 என்று வந்ததும் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று தலைப்புகள் வந்தன. இந்த ஆய்வைக்கொண்டு அந்த மூன்றையும் தரவரிசைப்படுத்த முடியாது. மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன என்பதுதான் நேர்மையான வாசிப்பு. மட்டாஞ்சேரிக்கு மட்டும் விகிதம் என்ன என்று அதனிடம் கேட்கவே முடியாது.

ஒரு மாநிலம், நான்கு எண்கள்

கேரளாவுக்கு மட்டுமே எத்தனை எண்கள் இருக்கின்றன, பாருங்கள்.

2006இல் கொச்சியின் அம்ருதா மருத்துவமனையைச் சேர்ந்த உஷா மேனன், ஹரீஷ் குமார் குழுவினர் நகரவாசிகள் 3,069 பேரைச் சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள்: 19.5 சதவீதம். சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் மாநிலம் முழுக்க 12,012 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில் 19.2 சதவீதம். இந்தியாப் ஆய்வில் 25.5. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், ஆண்களில் 27, பெண்களில் 24.8.

நான்கும் நான்கு விதமாக அளந்தவை. 2006 ஆய்வு அளந்தது கொச்சி நகரம் மட்டும், வயது 18 முதல் 80 வரை. அச்சுத மேனன் மையம் எடுத்தது வெறும்வயிற்று ரத்தம் மட்டும், வயது 18 முதல் 69 வரை. குளுக்கோஸ் குடித்தபின் எடுக்கும் இரண்டாம் துளி இல்லாத எந்த ஆய்விலும் ஒரு பகுதி நோயாளிகள் தப்பிப்போவார்கள். காலையில் சரியாக இருந்து, சாப்பிட்டபின் எகிறும் உடல்கள் நம் நாட்டில் நிறைய. குடும்பநல ஆய்வோ எந்த நேரத்திலும் எடுத்த ரத்தத்தை வைத்து, 140 மில்லிகிராமைத் தாண்டியவர்களையும் மருந்து சாப்பிடுகிறவர்களையும் சேர்த்துச் சொல்கிறது. அதில் வயது 15லிருந்தே தொடங்குகிறது. சற்றுமுன் மீன்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு விரலை நீட்டியவரும் அதில் உண்டு. அது நோயைக் கண்டறியும் சோதனை அன்று. ஆனாலும் பல பத்திரிகைகள் அதை நோய் விகிதமாகவே எழுதிவிட்டன.

கோடு நகர்ந்தபோது

சர்க்கரை நோய் காலராவைப் போல உண்டு, இல்லை என்று பிரியும் நோய் அன்று. எல்லார் ரத்தத்திலும் சர்க்கரை இருக்கிறது. எந்த அளவுக்கு மேல் அதை நோய் என்று சொல்வது என்பது மனிதர்கள் வரைந்த கோடு. வெறும்வயிற்றுச் சர்க்கரைக்கு அந்தக் கோடு ஒரு காலத்தில் 140 மில்லிகிராமில் இருந்தது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் அதை 126க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் அதை ஏற்றது. 130 இருந்த ஒருவரின் ரத்தம் அந்த வரையறையின் முன்னும் பின்னும் அதே ரத்தம்தான், ஆனால் கணக்கில் அவர் நோயாளியாகிவிட்டார்.

பழைய எண்களோடு இன்றைய எண்களை ஒப்பிடும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். 1972–75இல் இந்தியாவில் முதல் பெரிய ஆய்வு நடந்தது. அகமதாபாத், கல்கத்தா, கட்டாக், டெல்லி, பூனா, திருவனந்தபுரம் ஆகிய ஆறு மையங்கள். நகரத்தில் 2.1, கிராமத்தில் 1.5 சதவீதம் என்று கண்டார்கள். அப்போது கொடுத்தது 50 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து 170க்கு மேல் இருந்தால் நோய். 2.1லிருந்து, இந்தியாப் ஆய்வு நாடு முழுமைக்கும் சொன்ன 11.4 ஆனது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், உயர்வில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அளவுகோல் மாறியதால் வந்தது என்பது மறைந்துபோகும். உயர்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயர்வு உறுதி. சென்னையில் 1989இல் 8.3, 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004 வாக்கில் 14.3 என்று அதே நகரத்தில், வயது வேறுபாட்டைச் சரிசெய்து கண்ட எண்கள் அதைச் சொல்கின்றன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்த அந்தச் சென்னை வரிசை, ஒரு முறை எடுத்த நாடளாவிய எண்ணைவிடப் பல விஷயங்களில் மதிப்புள்ளது.

10.1 கோடிக்கும் 21.2 கோடிக்கும் நடுவிலுள்ள பள்ளமும் பெரிதும் இந்தக் கோட்டால் வந்ததுதான். 21.2 கோடியைச் சொன்ன உலக ஆய்வுக்குழு, 200 நாடுகளில் 1,108 ஆய்வுகளைத் திரட்டி, 2022இல் உலகில் 82.8 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணித்தது. வெறும்வயிற்றுச் சர்க்கரை கோட்டைத் தாண்டினாலும் நோய், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 ஆனாலும் நோய் என்பது அவர்கள் வகுத்த வரையறை. இந்தியாப் ஆய்வு எச்பிஏ1சியை வைத்து நோய் என்று முடிவு கட்டவில்லை. இந்த இரண்டு சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. இரண்டில் ஒன்று தாண்டினாலும் போதும் என்றால் வலை பெரிதாகிறது.

இந்தியாவில் எச்பிஏ1சிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை கூடாமலே இந்த அளவு சற்று ஏறிக்காட்டும். 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே குடும்பநல ஆய்வு. ஆகவே 21.2 கோடி நம் நாட்டுக்குச் சற்று மிகையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. 10.1 கோடி குறைவானது என்றும் தோன்றுகிறது. அதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த ஆய்வுக்கான ரத்தம் எடுக்கப்பட்டது 2008க்கும் 2010க்கும் இடையில். அப்போது இங்கே 10.4 சதவீதம். கேரளா பல ஆண்டுகள் கழித்துத்தான் அளக்கப்பட்டது. கடைசியில் எல்லா மாநிலங்களையும் 2021 மக்கள்தொகைக்கு ஏற்ப நிறை கொடுத்துக் கூட்டினார்கள். வயதுக் கணக்கு புதுப்பிக்கப்பட்டது, ரத்தம் பழையதாகவே இருந்தது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் நோய் எவ்வளவு ஏறியது என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. கேரளாவையும் தமிழ்நாட்டையும் அந்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டு நாம் தப்பித்தோம் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2021 மக்கள்தொகை என்பதும் ஒரு மதிப்பீடுதான். 2011க்குப் பிறகு 2021இல் நடக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. வீட்டுப் பட்டியல் பழையதானால், அதற்குப் பிறகு வந்தவர்கள் எந்தச் சுகாதார ஆய்வின் குலுக்கலிலும் விழமாட்டார்கள். கொச்சியின் கட்டுமானத் தளங்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்யும் வங்காள, அசாம் தொழிலாளர்கள் அப்படிப்பட்டவர்கள்.

உயர்ந்த எண் எப்போதும் தோல்வியா?

கேரளா 25.5, உத்தரப் பிரதேசம் 4.8. இதைப் படித்ததும் மலையாளிகளின் சாப்பாட்டையும் வளைகுடாப் பணத்தையும் குறை சொல்லிப் பலர் எழுதினார்கள். எண் அப்படிப் பேசுவதில்லை. ஒரு நாளில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது, புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பதையும், வந்தவர்கள் எத்தனை ஆண்டு வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தது. நோயோடு இருபது ஆண்டு வாழும் ஊரில் எண்ணிக்கை கூடும். நோய் வந்து விரைவில் இறந்துபோகும் ஊரில் எண்ணிக்கை குறையும். 2011 கணக்கெடுப்பில் கேரள மக்களில் 12.6 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், நாட்டின் சராசரி 8.6. முதியவர்கள் நிறைந்த, சிகிச்சை கிடைக்கும் மாநிலத்தில் சர்க்கரை நோயாளிகள் அதிகம் தென்படுவதில் ஒரு பங்கு அந்த மாநிலம் மக்களை உயிரோடு காத்ததன் விளைவு.

உத்தரப் பிரதேசத்தின் 4.8ஐப் பார்த்து நிம்மதி அடையவும் முடியாது. அங்கே நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 18 சதவீதம். ஒரு நோயாளிக்குப் பின்னால் ஏறத்தாழ நான்கு பேர் வாசலில் நிற்கிறார்கள். மக்கள் மிகுந்த அந்த மாநிலத்தில் அவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்தாலும் நாட்டின் கணக்கு குலுங்கிவிடும். அடுத்த பத்தாண்டின் பெரிய சுமை வடக்கில்தான் விழும் என்பது என் கணிப்பு.

தெரியாமல் இருப்பவர்கள்

இத்தனை எண்களிலும் என்னை மிகவும் உறுத்துவது 2006 கொச்சி ஆய்வின் உட்பிரிவு. அந்த 19.5இல், தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 9.0. அந்தக் காலையில் விரலில் ஊசி குத்தியபோதுதான் தெரிந்துகொண்டவர்கள் 10.5. எழுத்தறிவிலும் மருத்துவமனைகளிலும் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலத்தின் பெருநகரத்தில், தெரிந்தவர்களைவிடத் தெரியாதவர்கள் அதிகம். இந்தியாப் குழு 15 மாநிலங்களை வைத்து 2017இல் வெளியிட்ட கட்டுரையிலும் நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அதுவரை அறியாதவர்கள்தான். மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கூட்டி நாட்டின் கணக்கைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பதிவேட்டில் இல்லாத அந்தப் பாதியின் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்புகளிலும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

கேரள அரசு 2022இல் ‘ஷைலி’ என்ற செயலியோடு ஆஷா பணியாளர்களை வீடு வீடாக அனுப்பத் தொடங்கியது. 30 வயது தாண்டியவர்களிடம் பழக்கவழக்கங்களைக் கேட்டு, ஆபத்து இருப்பவர்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். மிக நல்ல வேலை. ஆனால் சோதனைக்கு வந்தவர்களில் இத்தனை சதவீதம் என்று அதிலிருந்து வரும் எண்ணை மாநிலத்தின் நோய் விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளியைத் தேடிப் பிடிப்பது ஒரு வேலை, மக்களில் எத்தனை பங்கு நோயாளிகள் என்று அளப்பது வேறு வேலை. முதலாவதற்கு எல்லார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். இரண்டாவதற்குக் குலுக்கலில் வந்த கதவை மட்டும், ஆள் கிடைக்கும்வரை தட்ட வேண்டும்.

நமக்குத் தேவை இன்னொரு பெரிய எண் அல்ல. அதே மாநிலங்களை, அதே சோதனையால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும் ஏற்பாடு வேண்டும். பன்னிரண்டு ஆண்டு இழுக்காமல், எல்லா மாநிலங்களிலும் ஒரே காலத்தில் அளக்க வேண்டும். கொச்சி, சென்னை போன்ற மாநகராட்சிகள் வார்டு வாரியாகத் தாங்களே அளந்துகொள்ள வேண்டும். மட்டாஞ்சேரியின் எந்தச் சந்தில் கண் பரிசோதனை முகாம் தேவை, எங்கே இன்சுலின் கையிருப்பு தேவை என்பதை டெல்லியிலிருந்து வரும் சதவீதம் சொல்லாது. 10 கோடிக்கு மருந்து வாங்குவதா, 21 கோடிக்கு வாங்குவதா என்று தெரியாத அரசு, இரண்டு விதத்திலும் தவறப்போகிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முப்பதைத் தாண்டியவர்கள் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கட்டணம் இல்லை. என்றாவது ஒரு காலையில் கணக்கெடுப்பாளர் உங்கள் கதவைத் தட்டி, குலுக்கலில் உங்கள் பெயர் வந்திருக்கிறது என்று சொன்னால், உங்களுக்குப் பதிலாக மாமியாரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அனுப்பாதீர்கள். முந்தைய இரவுக்குப் பின் எதையும் சாப்பிடாமல் இருந்து, இரண்டாவது துளி ரத்தத்துக்காக அந்த இரண்டு மணி நேரமும் உட்காருங்கள்.